ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறவள்

இந்தப் பாட்டை முதல் தடவை கேட்டபோது அரை நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. குரல் எங்கேயோ உச்சியில் இருந்தது. கண்ணாடியை நகத்தால் கீறுகிற மாதிரி காது கூசியது. நிறுத்திவிட்டேன். சில வருஷம் கழித்து, பாட்டுக்கு மூலமான நாவலை எடுத்து மூன்றாம் அத்தியாயம் வரை படித்த ராத்திரி, மறுபடியும் போட்டேன். இந்த முறை கடைசி வரை கேட்டேன். முடிந்ததும் திரும்பவும் கேட்டேன். நடுவில் நடந்தது ஒன்றுதான்: பாடுகிறவள் யார், எங்கே நின்றுகொண்டு பாடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டின் பெயர் ‘வுதரிங் ஹைட்ஸ்’. எழுதி, மெட்டமைத்து, பாடியவர் இங்கிலாந்தின் கேட் புஷ். வெளிவந்தது 1978 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 19. ஆங்கில பாப் இசையில் நாடகத்தனமான பாட்டு என்று ஒரு வகையைச் சொல்வார்கள். அது என்ன வகை, அதில் என்ன ருசி என்று புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை.

சிச்சுவேஷனையும் பாட்டே சொல்ல வேண்டும்

நாடகத்தனம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பெரிய ஆர்கெஸ்ட்ரா, மேடையில் புகை, பளபளக்கும் உடை, உரத்த குரல். இதெல்லாம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடிப்படை வேறு. சாதாரண பாப் பாட்டில் ‘நான்’ என்று வந்தால், கேட்கிறவர் அதைப் பாடகரின் ‘நான்’ என்றே எடுத்துக்கொள்வார். காதல் முறிந்துவிட்டது என்று பாடினால் பாடகருக்குத்தான் முறிந்திருக்கிறது என்று நினைப்பார். யாரோடு முறிந்தது என்று பத்திரிகைகள் தேடக் கிளம்பும். நாடகத்தனமான பாட்டில் அந்த ‘நான்’ வேறொரு ஆள். பாடகர் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு, அந்த ஆளாகவே வாய் திறக்கிறார்.

சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த நம் காதுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நமக்குப் பாட்டு என்றாலே ஒரு கதாபாத்திரத்துக்கு யாரோ குரல் கொடுப்பதுதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சினிமாவில் இயக்குநர் முதலில் சிச்சுவேஷன் சொல்வார், அதற்குத்தான் மெட்டு பிறக்கும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு வருவதற்கு முன்பே பாதிக் கதை தெரிந்திருக்கும். தனியாக வருகிற பாப் பாட்டுக்கு முன்னால் அப்படி எதுவும் கிடையாது. யார் பாடுகிறார், எங்கே இருக்கிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது என்ற அத்தனையையும் நாலு நிமிடத்துக்குள் பாட்டே சொல்லியாக வேண்டும். கதைச் சுருக்கம் வாசிக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது.

பிரிட்டனில் இதற்குப் பழைய வேர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் மியூசிக் ஹால் என்ற கேளிக்கை அரங்குகளின் மேடைகளில் பாடகர்கள் ஒரு கதாபாத்திரத்தின் உடையில், அந்த ஆளாகவே வந்து பாடினார்கள். 1972-ல் டேவிட் போவி, ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாடகனாகவே மேடையேறினார். 1975-ல் குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ வந்தது. ஒருவனைச் சுட்டுவிட்ட பையன் அம்மாவிடம் புலம்புவதில் ஆரம்பித்து, நடுவில் ஓபராவுக்குள் புகுந்து வெளியே வருகிற பாட்டு, ஆறு நிமிடத்துக்கு ஐந்து விநாடிதான் குறைவு. கேட் புஷ் இந்த வழியில் வந்தவர்தான். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வேஷம் செத்துப்போன ஒரு பெண்ணுடையது.

அந்த ஜன்னல்

கேட் புஷ்ஷின் பாட்டுக்குப் பெயர் கொடுத்த நாவலை எழுதியவர் எமிலி ப்ரான்ட்டே. 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த டிசம்பரில் எமிலி காசநோயில் இறந்துபோனார். வயது 30. அவர் வெளியிட்ட நாவல் இது ஒன்றுதான். அவர் வாழ்ந்தது வட இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பகுதியின் ஹாவொர்த் என்ற ஊரில். ஊருக்குப் பின்னால் மூர் என்று சொல்லப்படும் மேட்டு நிலம் விரிந்து கிடக்கிறது. மரம் குறைவு, புதரும் புல்லும்தான். காற்று ஓயாமல் அடிக்கும். ‘வுதரிங்’ என்பதே அந்த வட்டாரத்துப் பேச்சுச் சொல். புயல் நேரத்தில் காற்று உறுமிக்கொண்டு சுழல்வதை அப்படிச் சொல்வார்கள். அந்தக் காற்றின் வாயில் நிற்கிற ஒரு வீட்டின் பெயர்தான் வுதரிங் ஹைட்ஸ்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரர் லிவர்பூல் தெருவில் கிடைத்த ஒரு அநாதைப் பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். வீட்டுக்காரரின் மகள் கேத்தரினும் அவனும் மூரில் ஓடித் திரிந்து, பிரிக்க முடியாதவர்களாக வளர்கிறார்கள். பிறகு அவள் பக்கத்துப் பெரிய வீட்டு எட்கர் லின்டனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்கிறாள். ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்குத் தாழ்வு என்று அவள் வேலைக்காரி நெல்லியிடம் சொல்வது மறைவில் இருந்த அவன் காதில் விழுகிறது. எழுந்து போய்விடுகிறான். அடுத்து அவள் சொன்னது, அவனும் நானும் வேறு வேறு இல்லை, நான்தான் ஹீத்கிளிஃப் என்பது. அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பணக்காரனாகத் திரும்பி வருகிறான். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு அவள் இறக்கிறாள். பேயாகவாவது என்னோடு இரு, எந்த உருவத்தில் வேண்டுமானாலும் வா, என்னைப் பைத்தியமாக்கு என்று கத்திக்கொண்டு மரத்தில் தலையை மோதிக்கொள்கிறான் ஹீத்கிளிஃப்.

நாவல் ஆரம்பிப்பது இதெல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து. லாக்வுட் என்ற வெளியூர்க்காரர் பனியில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறார். அவர் படுப்பது ஓக் மரத்தில் பெட்டி மாதிரி அடைத்துச் செய்த ஒரு படுக்கையில். அதற்குள்ளேயே ஜன்னல். ஜன்னல் திண்டில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கீறி வைத்திருக்கிறார்கள். பாதித் தூக்கத்தில் ஏதோ மரக்கிளை கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருக்கிறது. கொக்கி திறக்கவில்லை. எரிச்சலில் கண்ணாடியைக் கையால் உடைத்து, கிளையைப் பிடிக்க வெளியே நீட்டுகிறார். பனிக்கட்டி மாதிரிச் சில்லிட்ட ஒரு சின்னக் கை அவர் விரல்களுக்குள் வருகிறது. விடவில்லை. “உள்ளே விடு, உள்ளே விடு” என்று ஒரு குரல் அழுகிறது. பயம் அவரைக் கொடூரனாக்குகிறது. அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடி விளிம்பில் வைத்து, ரத்தம் ஓடிப் படுக்கை நனையும் வரை தேய்க்கிறார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, ஓட்டையை மறைத்துப் புத்தகங்களை அடுக்கிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார். அப்போதும் குரல் நிற்கவில்லை. இருபது வருஷமாக அலைந்துகொண்டிருக்கிறேன் என்கிறது.

அலறல் கேட்டு ஓடி வந்த ஹீத்கிளிஃப், லாக்வுட் வெளியே போனதும் ஜன்னலைப் பிடுங்கித் திறந்து, வா கேத்தி, இப்போதாவது வா என்று தேம்பி அழுகிறான். உள்ளே வந்தது காற்றும் பனித்தூளும்தான்.

ஆங்கிலத்தில் நான் படித்த பேய்க் காட்சிகளில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, காட்சி முழுதும் உள்ளே படுத்திருப்பவரின் கண் வழியாகவே நமக்கு வருகிறது. நாவலையே லாக்வுட்டும் நெல்லியும்தான் சொல்கிறார்கள். கேத்தரின் எவ்வளவோ பேசுகிறாள், அவளுடைய சின்ன வயசு டைரியிலிருந்து சில பக்கமும் வருகிறது, மற்றபடி கதையை எமிலி அவள் கையில் கொடுக்கவில்லை. வெளியே, குளிரில், ரத்தம் வழிகிற கையோடு நின்றவளுக்கு எப்படி இருந்தது? நாவலில் அதற்குப் பதில் கிடையாது. கேட் புஷ் போய் நின்றது அங்கேதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

பௌர்ணமி ராத்திரி

கேட் புஷ் பிறந்தது 1958 ஜூலை 30. எமிலி பிறந்ததும் 1818-ல் இதே ஜூலை 30. அப்பா டாக்டர், அம்மா அயர்லாந்தைச் சேர்ந்த நர்ஸ், அண்ணன்கள் இரண்டு பேரும் பாட்டிலும் கவிதையிலும் ஊறியவர்கள். லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் வளர்ந்த பெண், பள்ளிக்கூட வயதிலேயே பியானோவில் பாட்டுகளை எழுதிக் குவித்தாள். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் காதுக்கு அது எட்டியது. அவர் கைக்காசு போட்டு 1975-ல் ஒழுங்கான ஸ்டுடியோவில் சில பாட்டுகளைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். அதைக் கேட்டுத்தான் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

நிறுவனம் அவரை உடனே ஸ்டுடியோவுக்குள் தள்ளவில்லை, வளர நேரம் கொடுத்தது. அந்த நேரத்தில் அவர் போனது லின்ட்சே கெம்ப்பின் வகுப்புக்கு. கெம்ப் மைம் கலைஞர், நடனக்காரர். டேவிட் போவிக்கும் அவர்தான் ஆசிரியர். வாயைத் திறக்காமல் உடம்பால் ஒரு ஆளாக மாறுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டார். ஊமை நாடகப் பயிற்சிக்கும் போன பாடகி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல விஷயங்கள் இதிலிருந்தே புரியும்.

வுதரிங் ஹைட்ஸ் நாவல் அவருக்கு முதலில் அறிமுகமானது புத்தகமாக இல்லை. அதை வைத்து பிபிசி 1967-ல் எடுத்த தொடரின் கடைசிச் சில நிமிடங்களை டிவியில் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியாக நீளும் ஒரு கை. அது மனதில் தங்கிவிட்டது. 1977 மார்ச்சில் ஒரு ராத்திரி, தெற்கு லண்டனில் தன் ஃபிளாட்டில், திரைச்சீலையைத் திறந்து வைத்துக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்தார். வெளியே முழு நிலவு. வார்த்தை வராதபோதெல்லாம் தலையைத் தூக்கி நிலவைப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு ராத்திரியிலேயே பாட்டு முடிந்தது. அப்போது வயது 18. விவரங்கள் தப்பாகிவிடக் கூடாது என்று புத்தகத்தையும் எடுத்துப் படித்தார். இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்கிறார்: சின்ன வயதில் வீட்டில் அவரைக் கேட் என்று கூப்பிடுவதில்லை. கேத்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பாட்டுக்குள்ளே

இப்போது பாட்டைப் போட்டுக்கொண்டு மேலே படித்தால் நல்லது. மொத்தம் நாலரை நிமிடத்துக்கு ஒரு விநாடி குறைவு.

தொடக்கத்தில் பியானோ மணி மாதிரி, குழந்தைகளின் பொம்மைப் பெட்டியிலிருந்து வருகிற மாதிரி கிணுகிணுக்கும். முதல் சரணம் நினைவு. காற்றடிக்கிற மூரில் நாம் உருண்டு விளையாடினோமே என்கிறாள். உன் கோபமும் என் பொறாமையும் ஒரே மாதிரி என்கிறாள். எனக்கு நீ முழுசாக வேண்டியிருந்தபோது எப்படி விட்டுப் போனாய் என்கிறாள். வெறுத்தேன், நேசிக்கவும் செய்தேன். ஒரு காதலி சண்டை போடுகிறாள் என்றுதான் இதுவரை தோன்றும். எட்கர், கல்யாணம், குழந்தை, எதற்கும் இங்கே இடமில்லை. அவ்வளவு நீளமான கதையிலிருந்து நாலு வரியில் எதை எடுப்பது என்று 18 வயசுப் பெண் முடிவு செய்திருக்கிற விதம் என்னை ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுத்துகிறது. அவர் எடுத்தது சம்பவங்களை அல்ல, உரிமைச் சண்டையை.

பிறகு பல்லவி. ஹீத்கிளிஃப், நான்தான், கேத்தி வந்திருக்கிறேன், ரொம்பக் குளிருகிறது, ஜன்னல் வழியாக உள்ளே விடு. இவ்வளவுதான் பல்லவி. யார், யாரிடம், எங்கே நின்று, என்ன வேண்டும் என்ற நாலு கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது. முன்னால் சொன்னேனே, சிச்சுவேஷனைப் பாட்டே சொல்லியாக வேண்டும் என்று, அது இப்படித்தான். வாசலில் வந்து நிற்கிற சொந்தக்காரர் உள்ளேயிருந்து “யாரு?” என்று கேட்பதற்கு முன்பே “நான்தான்” என்று சொல்வார் இல்லையா, அந்தத் தொனி. உன் வீட்டுக்காரி நான், எனக்குக் கதவைத் திற என்கிற உரிமை அந்தத் தொனியில் இருக்கிறது. சொல்கிறவள் உயிரோடு இல்லை என்பதுதான் கொடுமை.

நாவல் படிக்காதவருக்கு அவள் செத்தவள் என்று புரிய வருவது இரண்டாம் சரணத்தில். இங்கே இருட்டாக இருக்கிறது, உனக்கு மறுபக்கத்தில் தனியாக இருக்கிறேன் என்கிறாள். மறுபக்கம் என்றால் ஜன்னலுக்கு மறுபக்கமா, சாவுக்கு மறுபக்கமா? இரண்டும்தான். அதற்கப்புறம் பாட்டு ஒரு இடத்தில் திரும்புகிறது. கெஞ்சிக்கொண்டிருந்தவள், உன் ஆன்மாவைப் பிடுங்கிக்கொள்கிறேன், கொடு என்கிறாள். அதுவரை அவள்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். சட்டென்று ஜன்னலைத் திறக்கலாமா என்று நமக்கே சந்தேகம் வருகிறது. உடனே பழைய பல்லவி வருகிறது, அதே மெட்டு, அதே வார்த்தைகள். இப்போது அது வேறு மாதிரிக் கேட்கிறது. கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் ஒரே மெட்டைக் கொடுத்திருப்பதுதான் இந்தப் பாட்டின் உயிர் என்பேன்.

இசையும் இதே வேலையைச் செய்கிறது. சரணம் ஏ மேஜர் என்ற ஸ்கேலில் தொடங்கும். ஆனால் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், அந்த ஸ்கேலில் உட்காராமல் நழுவிக்கொண்டே போகும். நிற்க இடமில்லாதவள் அவள். பல்லவி வரும்போது ஸ்ருதியே டி ஃபிளாட் மேஜருக்கு மாறிவிடும், திடீரென்று தரை கிடைத்த மாதிரி. தாளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல்லவிக்குத் தொடையில் தட்டிக்கொண்டு நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் எண்ணிக்கை தப்பும். நடுவில் குட்டையான தாளச் சுற்றுகள் ஒளிந்திருக்கின்றன. கேட்கும்போது அது உறுத்தாது, ஏனென்றால் அவசரமாகப் பேசுகிறவள் மூச்சு விடுகிற இடம் அது. தாளத்துக்காக அவள் காத்திருப்பதில்லை. அவள் பின்னால் தாளம் ஓடி வருகிறது.

இனி அந்தக் குரல். இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்திலேயே வேறு பாட்டுகளில் கேட் புஷ் சாதாரண ஸ்தாயியில், மெதுவாகவும் இதமாகவும் பாடியிருக்கிறார். அதனால் இது அவருடைய இயல்பான ஒரே குரல் இல்லை. கேத்தி ஒரு பேய், அதனால்தான் அவ்வளவு உயரத்தில் பாடினேன் என்று அவரே விளக்கியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். லாக்வுட் ஜன்னலில் பார்த்தது ஒரு குழந்தை முகம். பாட்டில் கேட்பதும் குழந்தையா பெரியவளா என்று பிடிபடாத குரல்தான். உடம்பு என்ற கனம் கழன்றுபோன குரல், காற்றில் அடித்து வருகிற குரல். கண்ணாடியை நகத்தால் கீறுகிற மாதிரி என்று எனக்கு முதலில் தோன்றியதே, அது தப்பான எண்ணமில்லை. அவள் கண்ணாடியைத்தான் கீறிக்கொண்டிருந்தாள்.

பாட்டை 1977 கோடையில் லண்டன் ஏர் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பும் வாத்திய அமைப்பும் ஆண்ட்ரூ பவல். துண்டு துண்டாகப் பாடி ஒட்ட வைக்காமல், முழுப் பாட்டையும் ஒரு நடிப்பு மாதிரிப் பாடிக் கொடுத்தார் என்று ஒலிப்பொறியாளர் ஜான் கெல்லி சொல்லியிருக்கிறார். நடுராத்திரி உட்கார்ந்து விடியும் வரை மிக்ஸிங் செய்தார்களாம். கடைசியில் வரும் கிட்டார் இயன் பெயர்ன்ஸன் வாசித்தது. அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்று கெல்லிக்குப் பின்னாளில் வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தக் கிட்டார் தூரத்தில் இருப்பதுதான் சரி. நன்றாகக் கவனித்தால் பாட்டு முழுக்க ஹீத்கிளிஃப் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜன்னல் திறந்ததா இல்லையா என்று பாட்டு சொல்வதில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், கிட்டார் மட்டும் எங்கேயோ அழுதுகொண்டு போகிறது, இரண்டும் மெல்லத் தேய்ந்து மறைகின்றன.

இவ்வளவையும் மீறி, இதை முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளியிட ஈ.எம்.ஐ.க்கு மனசில்லை. அவர்கள் கேட்டது ‘ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்’ என்ற, ராக் பாணியில் வேகமாகப் போகிற இன்னொரு பாட்டை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. 1977-ல் பங்க் இசையும் டிஸ்கோவும் ஓங்கி நின்ற நேரம். 130 வருஷப் பழைய நாவலின் பேய் பாடுகிற பாட்டை யார் வாங்குவார்கள்? ஒரு ஆல்பம்கூட வெளிவராத பெண் பிடிவாதமாக நின்று இதுதான் என்றார். பிறகு சிங்கிளின் உறையில் போட்ட தன் புகைப்படம் பிடிக்கவில்லை, மாற்றுங்கள் என்றும் நின்றார். நவம்பரில் வரவேண்டியது ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதுவும் நல்லதாகவே முடிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுப் பாட்டு ஒன்று ஒன்பது வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. அதற்குள் முன்கூட்டியே கைக்கு வந்த பிரதியை வைத்து லண்டனின் கேப்பிடல் ரேடியோ இந்தப் பாட்டைப் போட ஆரம்பித்திருந்தது. மார்ச்சில் ஆபா குழுவின் பாட்டைத் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்து நான்கு வாரம் இருந்தது. தானே எழுதிய பாட்டைத் தானே பாடி பிரிட்டன் பட்டியலில் முதலிடம் வந்த முதல் பெண் கேட் புஷ்தான்.

உடம்பால் பாடுவது

கெம்ப்பின் வகுப்பு கண்ணுக்குத் தெரிவது பாட்டின் வீடியோவில். இரண்டு வீடியோ உண்டு. ஒன்றில் இருட்டான ஸ்டுடியோவில் வெள்ளை உடை. மற்றதில் திறந்த வெளியில், மூடுபனியில், சிவப்பு உடை. சிவப்பு உடை வீடியோ யார்க்‌ஷர் மூரில் எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தெற்கு இங்கிலாந்தின் சால்ஸ்பரி சமவெளியில் எடுத்தது. அதைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். கைகள் காற்றைத் துழாவும், எதையோ இழுக்கும், முகத்துக்கு முன்னால் விரியும். கண்கள் இமைக்காமல் அகலத் திறந்திருக்கும். முழு உடம்பும் ஒரு ஆளைக் கூப்பிடுகிறது. பாட்டின் தாளத்துக்கு ஆடுகிற நடனமாக அதைப் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கும். நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் அசைவாகப் பார்த்தால் ஒரு அசைவுகூட அதிகப்படியாகத் தெரியாது.

1979-ல் அவர் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தியபோது, ஆடிக்கொண்டே பாட வேண்டும், கையில் மைக் இருந்தால் ஆட முடியாது என்று ஒரு சிக்கல். துணி மாட்டும் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டுகிற மைக் ஒன்றை அவருடைய ஒலிக்குழுவே செய்துகொடுத்தது. இன்று எல்லா மேடையிலும் சர்வ சாதாரணமாகப் பார்க்கிற சாதனத்தின் ஆரம்பங்களில் அது ஒன்று. கைகள் இல்லாமல் கேத்தியைப் பாட முடியாது என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்தப் பாட்டைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அந்தக் கண்ணையும் கையையும் அப்படியே நடித்துக் காட்டினார்கள். எளிதாகக் கிண்டல் செய்யக்கூடிய பாட்டுதான். ஏனென்றால் பாடுகிறவர் எங்கேயும் ஒதுங்கி நின்று, இது சும்மா நடிப்பு என்று கண் சிமிட்டுவதில்லை. முழுசாக இறங்கியிருக்கிறார். என்னை இந்தப் பாட்டில் கட்டிப்போடுவது அதுதான். வேஷம் கட்டுவது பொய் என்று பாப் ரசிகர்களில் ஒரு சாரார் எப்போதும் சொல்வார்கள். சொந்த வாழ்க்கையைப் பாடுவதே நேர்மை என்பார்கள். கேத்தியாக நின்று கேட் புஷ் பாடுவதைவிட நேர்மையான பாட்டை நான் அதிகம் கேட்டதில்லை.

1986-ல் தன் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது இதை மட்டும் மறுபடி பாடிச் சேர்த்தார். அப்போது வயது 28. குரலுக்குக் கனமும் பிடிமானமும் வந்திருந்தது. பாடகியாகப் பார்த்தால் அதுதான் தேர்ந்த வடிவம், அதை விரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பேய் இல்லை. உடம்போடு ஒரு பெண் நிற்கிறாள், கதவைத் தட்டினால் திறந்துவிடுவார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் 1978 பதிவையே முதலில் கேளுங்கள். அதற்கு முன்னால் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். பதிப்புரிமை என்றோ முடிந்துபோன நாவல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. ராத்திரி நேரமாக இருந்தால் இன்னும் நல்லது.

2013-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துப் பூங்கா ஒன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், ஆண்களும் பெண்களுமாக, சிவப்பு உடை போட்டுக்கொண்டு கூடி, அந்த வீடியோவின் அசைவுகளை ஒன்றாக ஆடினார்கள். பிறகு அது உலகத்தின் பல ஊர்களுக்கும் பரவி, ஜூலை மாதங்களில் நடக்கிறது. ஆனால் 2014-ல் 35 வருஷ இடைவெளிக்குப் பிறகு லண்டனில் 22 ராத்திரி மேடையேறிய கேட் புஷ், ஒரு நாள்கூட இந்தப் பாட்டைப் பாடவில்லை.

எமிலிக்காக அவர் வேறொன்று செய்தார். 2018-ல் எமிலி பிறந்து 200 வருஷம் ஆனபோது, ப்ரான்ட்டே சகோதரிகள் பிறந்த தார்ன்டனுக்கும் வாழ்ந்த ஹாவொர்த்துக்கும் நடுவே உள்ள நிலத்தில் அவர்களுக்காகக் கவிதைக் கற்கள் அமைத்தார்கள். எமிலிக்கான கவிதையை எழுதித் தந்தவர் கேட் புஷ். கல்வெட்டை வேறெங்கோ செய்து கொண்டுவந்து நடவில்லை, ஆக்டன் கிர்க் என்ற இடத்தில் இருக்கிற பாறையிலேயே எழுத்துகளைச் செதுக்கினார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் காற்றில், மூர் வழியாக, நடந்துதான் போக வேண்டும்.